கணினிச் செயலியின் (சிபியு) வெப்பம் 90 டிகிரியைத் தாண்டுகிறது. தெர்மல் பேஸ்ட் (செயலியின் வெப்பத்தைக் கடத்த அதன்மேல் பூசும் பசை) மாற்றினால் குறையுமா?

பழைய பேஸ்ட் காய்ந்திருந்தால் குறையும். ஆனால் செயலியின் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அதிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்துப் பாருங்கள். நான் டெல்லி மயூர் விகாரில் வசிக்கிறேன். இங்கே ஜனவரியில் 70 காட்டிய கணினி மே மாதத்தில் 90 காட்டினால், பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று பொருளல்ல. விசிறி வைத்த எந்த ஹீட்சிங்க்கும் (செயலியின் மேல் அமர்ந்து வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) செயலியை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை சூடேறினால் செயலியும் ஏறத்தான் செய்யும்.

போன கோடையில் அக்கா மகனின் பழைய மேசைக் கணினியைத் திறந்தோம். அறை 34, கடும் வேலை கொடுத்தபோது செயலி 92. வித்தியாசம் 58. முதலில் தூசியைக் கவனித்தோம். லூ எனும் கோடை அனல்காற்று அள்ளிவரும் புழுதி ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கெல்லாம் அப்பிக் கிடந்தது. விசிறி சுழலாதபடி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் தட்டி ஊதியதும், 86க்கு இறங்கியது. பிறகுதான் பேஸ்ட். பழையது காய்ந்த திருநீறு போல உதிர்ந்தது. புதியது வைத்தபின் அதே அறையில், அதே வேலைக்கு 77.

"மாமா, இன்னும் கொஞ்சம் வையுங்களேன்" என்று அவன் கெஞ்சினான். நான் சம்மதிக்கவில்லை. செயலியின் மூடியும் ஹீட்சிங்க்கின் அடிப்பாகமும் வழவழப்பாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு; அவற்றில் காற்று தங்கிவிடும். காற்றின் வெப்பக் கடத்துதிறன் (வாட்/மீட்டர்-கெல்வின் அலகில்) சுமார் 0.026. நல்ல பேஸ்ட்டுக்கு 4 முதல் 12 வரை சொல்கிறார்கள். செம்புக்கோ ஏறக்குறைய 400. அதாவது பேஸ்ட் காற்றைவிட எவ்வளவோ மேல், உலோகத்தைவிட எவ்வளவோ கீழ். பள்ளத்தை நிரப்பும் அளவே தேவை; கனமாகப் பூசினால் அதுவே தடையாகிவிடும். சாதாரணச் செயலிக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும், அழுத்தத்தில் தானே பரவிக்கொள்ளும்.

கழற்றும்போது நிதானம் வேண்டும். பேஸ்ட் இளகுவதற்காகச் சில நிமிடங்கள் கணினியை ஓடவிட்டு, அணைத்து, மின்கம்பியை உருவிய பிறகு, ஹீட்சிங்க்கை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் (செயலி பொருந்தும் இடம்) ரைசன் செயலிகளில் இது மிக முக்கியம்; பேஸ்ட் இறுகியிருக்கும்போது நேராக இழுத்தால் செயலியும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடலாம். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இழை உதிராத துணியால் துடையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

பேஸ்ட் டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸ் கடைகளில் சிரிஞ்சில் கிடைக்கிறது. உறை பிரிக்காததாக வாங்குங்கள். பேஸ்ட்டுக்குப் பதிலாக விற்கும் திரவ உலோகம் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், சிந்தினால் மின்சாரமும் பாயும்.

மாற்றிய பிறகும் வித்தியாசம் குறையவில்லை என்றால், ஹீட்சிங்க்கின் நான்கு மூலையும் சமமாக அழுந்தியிருக்கிறதா, விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள்.