பத்தடி அறை ஏன் பத்தடி இல்லை? வீட்டு வரைபடக் கேள்வி-பதில்

வீடு கட்டத் தொடங்கியவர்களும் தொடங்கப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

பிளானில் படுக்கையறை அகலம் 10 அடி. சுவர் எழுப்பியதும் டேப் பிடித்தால் 9 அடி 3 அங்குலம்தான் வருகிறது. கொத்தனார் தப்பு செய்துவிட்டாரா?

அவரைத் திட்டுவதற்கு முன்னால் பிளானை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 10 அடி என்று எழுதியிருக்கும் அளவுக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? சுவரின் உள்முகத்தில் முடிந்தால் அது உள் அளவு. சுவரின் நடுவே ஓடும் கோட்டில், அதாவது நீளக்கோடும் புள்ளியும் மாறிமாறி வரும் அந்தக் கோட்டில் முடிந்தால், அது சென்டர் லைன் அளவு. உங்கள் கணக்கைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. 9 அங்குலச் சுவரில் பாதி இந்தப் பக்கம் நாலரை, அந்தப் பக்கம் நாலரை, மொத்தம் 9 அங்குலம் சுவருக்குள் போய்விட்டது. மிச்சம் 9 அடி 3 அங்குலம், கச்சிதமாக இருக்கிறது.

இன்னும் பூச்சு வேலை பாக்கி. பக்கத்துக்கு அரை அங்குலம் என்று வைத்தாலும் கடைசியில் 9 அடி 2 அங்குலம்தான் கையில் நிற்கும். அதனால் அலமாரிக்கு அளவு கொடுக்கிறவர்கள் பிளானைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், பூசி முடித்த சுவருக்கு நடுவே, கீழே ஒரு தடவை மேலே ஒரு தடவை டேப் பிடித்துக் கொடுங்கள். சென்டர் லைன் அளவில் போடுவது குற்றமில்லை, அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போட அதுதான் வசதி. ஆனால் அறைக்குள் எழுதும் அளவும் அதே முறையில் இருந்தால் இப்படித்தான் சண்டை வரும்.

பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? பிளான் என்றால் மேலிருந்து பார்ப்பதுதானே?

மேலிருந்து பார்த்தால் மொட்டை மாடிதானே தெரியும், அறைகள் எப்படித் தெரியும்? பிளான் என்பது வீட்டைத் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் படுக்கைவாட்டில் வெட்டி, மேல்பாதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தைக் குனிந்து பார்ப்பது. வெட்டுப்பட்ட சுவர் தடித்த கோட்டில் இருக்கும், வெட்டுக்குக் கீழே இருக்கும் மேடை, படி எல்லாம் மெல்லிய கோட்டில். வெட்டுக்கு மேலே இருக்கும் லாஃப்ட், சன்ஷேடு, உத்திரம் போன்றவை விட்டுவிட்டு வரும் கோட்டில். அந்தக் கோட்டைப் பார்த்து "இங்கே ஒரு சின்னச் சுவர் வருமா?" என்று கேட்காத வீட்டுக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

செக்‌ஷன் அதே வெட்டு, செங்குத்தாக. பிளானில் ஏ-ஏ என்று அம்புக்குறியோடு ஒரு கோடு ஓடும். வெட்டுவது அந்தக் கோட்டில், பார்ப்பது அம்பு காட்டும் பக்கம். உயரம் சம்பந்தப்பட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர்கள் புரட்டாமல் விடுவதும் இதைத்தான். எலிவேஷன் வெளிமுகம். வடக்கு எலிவேஷன் என்றால் வடக்கைப் பார்த்திருக்கும் முகம். அதில் ஆழம் தெரியாது, 4 அடி நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிகூடச் சுவரோடு ஒட்டின மாதிரிதான் தெரியும். கலர் கலராக, நிழல் விழுந்து அழகாகக் கொடுப்பார்களே, அது வேறு சங்கதி. அதை வைத்து யாரும் சுவர் கட்ட முடியாது.

1:100 என்றால் 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்று படித்தேன். பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்தால் 3 மீட்டர் அறை 2.1 செ.மீ.தான் இருக்கிறது.

நீங்கள் படித்தது சரி, பிரிண்டில்தான் கோளாறு. ஏ3 தாளுக்குப் போட்ட படத்தை ஏ4 தாளில் எடுத்திருக்கிறீர்கள். ஒரு அளவுத் தாள் குறைந்தால் நீளம் 1.414-ல் ஒரு பங்காகச் சுருங்கும், 1:100 என்பது 1:141 ஆகிவிடும், மூலையில் அச்சாகியிருக்கும் 1:100 மட்டும் அப்படியே நிற்கும். படத்தில் ஸ்கேல் வைத்து அளக்கவே வேண்டாம், எழுதியிருக்கும் எண்ணை நம்புங்கள். எண் இல்லையென்றால் வரைந்தவரிடம் கேளுங்கள்.

படிக்கட்டில் 20 படி என்று எழுதியிருக்கிறது. பிளானில் எண்ணினால் 18 கட்டம்தான் இருக்கிறது.

இரண்டுமே சரி. 20 என்பது ரைசர், காலைத் தூக்கும் உயரம். நீங்கள் எண்ணியது ட்ரெட், கால் வைக்கும் மிதி. தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். ஒரு ரைசர் 6 அங்குலம் என்றால் 20. நடுவில் லேண்டிங் வைத்துப் பத்துப் பத்தாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதியிலும் பத்தாவது தடவை காலைத் தூக்கி வைக்கும் இடம் லேண்டிங்காகவோ மேல் தளமாகவோ இருக்கும், அதற்குத் தனி மிதி வரையமாட்டார்கள். 9 கூட்டல் 9, 18.

மிதி எவ்வளவு அகலம் வேண்டும் என்பதற்கு 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தெல் ஒரு கணக்கு சொல்லிவைத்தார்: இரண்டு ரைசரும் ஒரு மிதியும் சேர்ந்து ஓர் எட்டு நடைக்குச் சமமாக, 24 அங்குலம் போல வர வேண்டும். 6 அங்குல ரைசருக்கு 12 அங்குல மிதி.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டில் எல்லா ரைசரும் 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் தரையில் டைல்ஸும் அடிக்கலவையுமாக 2 அங்குலம் ஏறும், படியில் கல் 1 அங்குலம்தான் ஏறும். கீழே முதல் படி 5 அங்குலம், மேலே கடைசிப் படி 7 அங்குலம். கால் ஒரே அளவுக்குப் பழகிக்கொண்டே ஏறும், அந்தக் கடைசிப் படியில் தட்டும். தரை என்ன போடப் போகிறீர்கள் என்பதை சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்றும் பலகை அச்சு, அடிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

±0.00, +450, எஃப்.எஃப்.எல். இதெல்லாம் என்ன?

எஃப்.எஃப்.எல். என்றால் டைல்ஸ் எல்லாம் போட்டு முடித்த தரையின் மட்டம். ±0.00 என்பது "இதிலிருந்துதான் எண்ணுகிறோம்" என்று வைத்துக்கொண்ட புள்ளி. அது ரோடா, முற்றமா, வீட்டுத் தரையா என்று குறிப்பில் தேடுங்கள். வீட்டுத் தரைக்கு நேரே +450 என்றிருந்தால் அந்தப் புள்ளியிலிருந்து 450 மி.மீ. உயரம். குளியலறைக்கு மட்டும் எண் குறைவாக இருந்தால் பதற வேண்டாம், தண்ணீர் வெளியே வராமல் இருக்கத்தான்.

சன்ஷேடு, பால்கனி டிராயிங்கில் கம்பி மேல்பக்கம் காட்டியிருக்கிறது, ரூஃப் ஸ்லாபில் கீழ்ப்பக்கம். வரைந்தவர் குழம்பிவிட்டாரா?

இல்லை, சரியாகத்தான் வரைந்திருக்கிறார். கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். இழுபடும் பக்கத்தில் கம்பி வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஸ்பாஞ்சை இரண்டு புத்தகத்துக்கு மேல் பாலம் மாதிரி வைத்து நடுவில் அழுத்துங்கள், கீழ்ப்பக்கம் விரியும். அதே ஸ்பாஞ்சின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு மறுமுனையை அழுத்துங்கள், மேல்பக்கம் விரியும். முதலாவது ஸ்லாப், இரண்டாவது பால்கனி.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பால்கனிக்குக் கம்பி கட்டியதைச் சரிபார்த்துவிட்டு, நான் நிம்மதியாக இறங்கிவிட்டேன். கான்கிரீட் போட்டவர்கள் அந்தக் கம்பி மேலேயே நடந்து சட்டி தூக்கியிருக்கிறார்கள். 5 அங்குல ஸ்லாபில் மேலிருந்து முக்கால் அங்குலத்தில் இருக்க வேண்டிய கம்பி மிதிபட்டு நடுவுக்குப் போய்விட்டது. முட்டுக்கொடுத்த பலகையைப் பிரித்ததும் சுவரை ஒட்டி மேல்பக்கம் நீளமாக ஒரு விரிசல். இடித்துவிட்டுத் திரும்பப் போட்டோம். அன்றிலிருந்து மேல்கம்பிக்குக் கீழே 'சேர்', அதாவது அதைத் தூக்கிப் பிடிக்கும் வளைத்த முட்டுக்கம்பி, வைத்திருக்கிறார்களா, நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் கான்கிரீட்டுக்குச் சரி சொல்கிறேன்.

அதே படத்தில் "8 மி.மீ. @ 150 சி/சி" என்று இருக்கும். 8 மி.மீ. தடிமன் கம்பி, ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 150 மி.மீ. இடைவெளி. பக்கத்தில் கவர் என்றும் எழுதியிருந்தால், அது கம்பியின் வெளிமுகத்துக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவே உள்ள கனம்.

சிமெண்ட் ரோடு, கான்கிரீட் ரோடு இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான், பேச்சுவழக்கு. ஆனால் வீட்டு வேலையில் பிரித்துச் சொல்லுங்கள்: சிமெண்ட் என்பது மூட்டையில் இருக்கும் தூள், அதோடு மணலும் தண்ணீரும் சேர்ந்தால் கலவை, ஜல்லியும் சேர்ந்தால் கான்கிரீட்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரை எடுத்துவிடலாமா? பிளானில் தூண் எதுவும் இல்லை.

தூண் இல்லை என்பதுதான் கவலைக்குரிய விஷயம். தூணும் உத்திரமும் தாங்கும் வீட்டில் நடுச்சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான். தூணே இல்லாத வீட்டில் மேல்தளத்தைச் சுவர்தான் தாங்குகிறது. சுத்தியலை எடுப்பதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். போட்டோ பார்த்து என்னாலும் சொல்ல முடியாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.