சில கிளைகள் மட்டுமே உள்ள வலையமைப்புக்குத் தரவு மாதிரிகள் தேவையா, ஸ்கிரிப்ட் போதாதா?

அம்பாறைப் பக்கத்தில் சில கிளைகளைக் கொண்ட நிறுவனமொன்றின் வலையமைப்பை நீங்கள் ஏறக்குறைய தனியாகவே பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேள்வியிலிருந்து விளங்கிக்கொள்கிறேன். யாங் மாதிரிகள், அதாவது வலையமைப்பின் அமைவு எப்படி இருக்க வேண்டும் என்பதை யாங் (YANG) என்ற மொழியில் விதிகளோடு விவரிக்கும் தரவு மாதிரிகள், பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கே உரியவை என்று உங்களிடம் சொன்னவரின் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆட்பலம் குறைந்த இடத்துக்குத்தான் அவை கூடுதலாகத் தேவை.

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை கிளைகளைக் கொண்ட நிறுவனமொன்றில் நான் பொறுப்பேற்றபோது, அங்கு ஏற்கனவே ஒரு ஸ்கிரிப்ட் இயங்கிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு ரவுட்டரின் கட்டளைத் திரைக்குள்ளும் நுழைந்து, திரையில் வரும் எழுத்துகளை வாசித்து, அவற்றிலிருந்து இடைமுகத்தின் (ரவுட்டரின் இணைப்பு வாயிலின்) பெயரையும் வீலான் (ஒரே வலையமைப்புக்குள் பிரித்துவைக்கப்படும் தனி வலையமைப்பு) எண்ணையும் பிரித்தெடுத்து, மாற்றங்களை எழுதிவந்தது. ரவுட்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும் அந்தத் திரையில் செங்குத்தாக வரும் ஒரு நிரல் இடம் மாறியது. ஸ்கிரிப்ட் எந்தப் பிழையையும் அறிவிக்காமல், அக்கரைப்பற்றுக் கிளைக்குரிய வீலானைக் கல்முனைக் கிளையின் இடைமுகத்தில் எழுதிவைத்தது. கருமபீடத்தில் மக்கள் வரிசையாகக் காத்திருக்க, தலைமை அலுவலகம் கிளை ஊழியர்கள் எதையோ கழற்றிவிட்டார்கள் என்றே கருதியது. கிழக்கில் பணியாற்றுவோரைக் கேபிள் இழுக்க மட்டுமே அழைப்பதும், திட்டமிடலையும் பயிற்சியையும் கொழும்போடு நிறுத்திக்கொள்வதும், பழுது வந்தால் முதலில் இங்குள்ளவர்களைச் சந்தேகிப்பதும் எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

அதன் பின்னர் கிளை என்ற சேவையை ஒரு யாங் மாதிரியாக எழுதினோம். ஒரே வீலான் எண் இரு கிளைகளுக்கு வரக்கூடாது, குறிப்பிடப்படும் இடைமுகம் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதிகள் மாதிரிக்குள்ளேயே இருந்தமையால், முரணான பதிவு ரவுட்டரை அடையும் முன்பே நிராகரிக்கப்பட்டது. மாற்றங்களை, கருவிகளின் அமைவை மாற்றுவதற்கான நெட்கொன்ப் (NETCONF) நெறிமுறை வழியாக, உறுதிப்படுத்தலைக் கோரும் முறையில் அனுப்பினோம்: உறுதிப்படுத்தல் வராவிட்டால், வேறு கால அளவு குறிப்பிடப்படாதபோது 600 விநாடிகளில், ரவுட்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பொத்துவில் இணைப்பில் கைவைக்கும்போது இந்த ஏற்பாடு எவ்வளவு நிம்மதி தந்தது என்பதை, பழுது பார்க்க அவ்வளவு தூரம் பேருந்தில் போனவர்கள் அறிவார்கள்.

இது புதுமோகம் அல்ல. 2002 இல் இணையக் கட்டமைப்பு வாரியம் (IAB) நடத்திய கலந்துரையாடலிலேயே, தனித்தனிக் கருவிகளை அல்லாமல் வலையமைப்பை முழுமையாக அமைக்க வழி வேண்டும் என்றும், அமைவுத் தரவையும் (கருவிக்கு நாம் இடுவது) இயங்குநிலைத் தரவையும் (கருவி உண்மையில் இருக்கும் நிலை) பிரித்தறிய முடிய வேண்டும் என்றும் வலையமைப்பு இயக்குநர்கள் கேட்டிருந்தார்கள். யாங் 2010 இல் ஆர்எப்சி 6020 ஆக வெளிவந்தது (ஆர்எப்சி என்பது இணையத் தொழில்நுட்பங்களை விவரிக்கும், எண்ணிடப்பட்ட ஆவண வரிசை). சேவை மாதிரியிலிருந்து வலையமைப்பு மாதிரிக்கும், அங்கிருந்து கருவி மாதிரிக்கும் இறங்கி, இயங்குநிலைத் தரவை மீண்டும் மேலே கொண்டுவரும் முழுச் சட்டகத்தையும் 2021 இல் வெளியான ஆர்எப்சி 8969 விளக்குகிறது.

நாங்கள் எழுதியது ஆர்எப்சி 8299 போன்ற முழுமையான சேவை மாதிரி அல்லவே என்று துறைசார்ந்த சிலர் ஆட்சேபிக்கக்கூடும். உண்மைதான், அது தொலைத்தொடர்பு நிறுவனமும் அதன் வாடிக்கையாளரும் வீபிஎன் (கிளைகளை இணைக்கும் தனிப்பட்ட வலையமைப்பு) சேவை குறித்துப் பேசிக்கொள்வதற்கான மாதிரி, எங்கள் தேவை அதுவன்று. ஸ்கிரிப்ட் எழுதுவதையும் நான் குறைகூறவில்லை, எங்கள் மாதிரியிலிருந்து அமைவை உருவாக்கியதும் பைதன் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட்தான். ஆனால் எது சரியான நிலை என்பது ஸ்கிரிப்டின் வரிகளுக்குள் ஒளிந்திருந்தால், அதை எழுதியவர் விலகிய பின்னர் எவராலும் அதைச் சரிபார்க்க முடியாது.

உங்களிடமுள்ள பழைய சுவிட்சுகள் சில நெட்கொன்பை அறியாதவையாக இருக்கலாம். அவற்றை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். மற்றவற்றில் ஆர்எப்சி 8343 இன் இடைமுக மாதிரியை எடுத்து, எதையும் எழுதாமல், நீங்கள் நினைத்திருக்கும் அமைவும் கருவி உண்மையில் இயங்கும் நிலையும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்பதை முதலில் வாசித்துப் பாருங்கள்.