மதுரையில் படிப்பு, செராம்பூரில் பட்டம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி. சித்தப்பா மகன் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் பட்டம்) முடித்துவிட்டு வந்திருக்கிறான். பட்டத்தை வாங்கிப் பார்த்தால் வங்காளத்துச் செராம்பூர் என்று போட்டிருக்கிறது. கேட்டால், டென்மார்க் ராஜா கொடுத்த உரிமை என்கிறான். வங்காளத்தில் டென்மார்க்குக்கு என்ன வேலை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி சொல்வது உண்மைதான். செராம்பூர் 1845 வரை டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது, நம் தரங்கம்பாடியைப் போல. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகள் என்றாலே ஆகாது. மதத்தில் கை வைத்தால் வியாபாரம் கெடும் என்ற பயம். அதனால் பாப்டிஸ்டு என்ற கிறிஸ்தவ சபையின் இங்கிலாந்து மிஷனரிகள் 1800இல் செராம்பூரில் போய் ஒதுங்கினார்கள். செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி, பள்ளி வாத்தியார் ஜோசுவா மார்ஷ்மன், அச்சுத்தொழில் தெரிந்த வில்லியம் வார்டு. மூவரும் 1818இல் கல்லூரி தொடங்கினார்கள். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் அதில் படித்தார்கள். சாதி, நிறம், நாடு எதுவும் சேர்க்கைக்குத் தடையில்லை என்று 1833இல் விதியாகவே எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது லேசான காரியமில்லை.

1827இல் டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடரிக் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகத் தந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் வருவதற்கு 30 வருடம் முன்னால்! 1845இல் செராம்பூர், தரங்கம்பாடி எல்லாம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு விலை போனபோதும், இந்த உரிமையில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய உரிமை பெட்டியிலேயே கிடந்தது. நிறுவனர்கள் போன பிறகு, கல்கத்தா பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் கல்லூரியாக அது ஓடிக்கொண்டிருந்தது. ஜார்ஜ் ஹோவெல்ஸ் முதல்வராக வந்துதான் சாசனத்தைத் தூசி தட்டி எடுத்தார். முதல் பி.டி. பட்டம் 1915இல்தான். அப்புறம் 1918இல் வங்காள சட்டமன்றம் தனிச்சட்டம் போட்டு, பல கிறிஸ்தவ சபையாரும் உட்காரும் செனட்டை, அதாவது பட்டப்படிப்புகளைக் கவனிக்கும் குழுவை, அமைத்தது. மற்ற ஊர்க் கல்லூரிகள் அதில் இணைந்து படிப்பு சொல்லித்தர, பட்டம் செராம்பூர் பெயரில் வருகிறது. அரசரடியும் அப்படித்தான்.

என்னைக் கேட்டால், கேரியும் கூட்டாளிகளும் செய்ததைவிட இந்த 1918 ஏற்பாடுதான் பெரிது. பாப்டிஸ்டுகள் தங்கள் கையிலிருந்த சாசனத்தை மற்ற சபைகளுக்கும் திறந்துவிட்டார்கள். பாப்டிஸ்டுகளோ விவரம் தெரிந்த வயதில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றால்தான் செல்லும் என்பவர்கள். அரசரடியை நடத்தும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு. இதைப் பற்றி தம்பியிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசுவார்.