மித்லா கஃபேயும் பிளந்துபோன டாக்கோவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் பெர்னார்டினோ நகரிலுள்ள மித்லா கஃபே என்ற மெக்சிகோ உணவகம் பற்றி எழுதியிருந்தீர்கள். டாக்கோ பெல் என்ற துரித உணவுக் கடைகளின் மொறுமொறு டாக்கோ (மடித்த மக்காச்சோள ரொட்டிக்குள் கறி வைத்தது) அந்தக் குடும்பக் கடையின் கண்டுபிடிப்புதானா? ஆசையில் நானும் கடை மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டினேன். மடிக்கும்போதே இரண்டாகப் பிளந்துவிட்டது. எங்கே தவறு?

ர., கோவை

அன்புள்ள ர.,

மித்லாவின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியை மடித்துப் பொரிப்பது மெக்சிகோ வீடுகளில் முன்பே இருந்த பழக்கம். பொரிக்கும் சட்டகத்துக்கு ஹுவென்சியோ மால்தொனாதோ என்ற நியூயார்க் உணவகக்காரர் 1950இல் காப்புரிமையும் பெற்றுவிட்டார். லூசியா ரோட்ரிகஸ் மவுண்ட் வெர்னன் அவென்யூவில் மித்லாவைத் தொடங்கியது 1937இல். எதிர்ச்சாரியில் பர்கர் கடை வைத்திருந்த கிளென் பெல் அங்கே சாப்பிட்டு, செய்முறையைப் பார்த்துத்தான் டாக்கோ விற்க ஆரம்பித்தார். 1962இல் கலிஃபோர்னியாவின் டவுனி நகரில் முதல் டாக்கோ பெல் வந்தது. ஆனால் மித்லாவை அதற்காக மட்டும் நினைப்பது அநியாயம். நகரத்தின் நீச்சல் குளத்தில் மெக்சிகோ வம்சாவளியினரை விடாததை எதிர்த்து நடந்த வழக்கில் 1944இல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. அதற்காகப் போராடியவர்கள் கூடிப் பேசிய இடம் இந்தக் கடை. இன்றும் அதே குடும்பம்தான் நடத்துகிறது.

உங்கள் டோர்ட்டியா பிளந்ததற்குக் காரணம் மாவு. வெறுமனே அரைத்த மக்காச்சோள மாவுக்குப் பசை கிடையாது. கோதுமை போல இழுபடாது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தால்தான் தோல் கரைந்து பிசினாகி மாவைப் பிடிக்கும். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளம், மூன்று லிட்டர் தண்ணீர், 10 கிராம் உணவுத்தர நீற்றுச் சுண்ணாம்பு. விதைக்கடைச் சோளம் வேண்டவே வேண்டாம், அதில் மருந்து கலந்திருக்கும். முக்கால் மணி நேரம் சிறுதீயில் வேகவைத்து, இரவு முழுக்க அந்த நீரிலேயே ஊறவிடுங்கள். காலையில் விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கடித்துப் பார்த்தால் நடுவில் துளி வேகாமல் இருக்க வேண்டும். முழுதும் வெந்துவிட்டால் மாவு பிசுபிசுக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி அரையுங்கள். கிரைண்டர் சுற்றவில்லையே என்று தண்ணீரை ஊற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இட்லி மாவாகிவிட்டால் தட்ட முடியாது, கொழுக்கட்டை மாவுப் பதம் போதும்.

30 கிராம் உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, தட்டையான தட்டால் அழுத்தினால் 15 சென்டிமீட்டர் வட்டம் வரும். ஓரம் வெடித்தால் ஈரம் போதவில்லை, தாளில் ஒட்டினால் ஈரம் அதிகம். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் முதல் பக்கம் 20 விநாடி, மறுபக்கம் ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் உப்பும். துணியில் சுற்றி வையுங்கள்.

பொரிக்க முந்தைய நாள் டோர்ட்டியாதான் நல்லது. புதியதில் ஈரம் அதிகம், எண்ணெய் குடிக்கும். ஆனால் ஆறியதை அப்படியே மடித்தால் முறியும். கல்லில் பக்கத்துக்குப் பத்து விநாடி சூடு காட்டிவிட்டு மடியுங்கள்.

இனி சொல்வதுதான் முக்கியம். டாக்கோ பெல் வழியில் டோர்ட்டியாவை மட்டும் மடித்து ஓடு போலத் தனியாகப் பொரித்து வைத்துவிட்டு, கறியைப் பிறகு அள்ளிப் போடுகிறார்கள். ஓடு உள்ளும் புறமும் காய்ந்திருப்பதால் முதல் கடியிலேயே நொறுங்கும். டாக்கோ தொராதோ எனப்படும் வீட்டுமுறைப் பொரித்த டாக்கோவில் கறியை உள்ளே வைத்தே பொரிப்பார்கள். கறி படும் உட்பக்கம் இளக்கமாக நிற்கும், வெளிப்புறம் மட்டும் மொறுமொறுக்கும். அதனால் கடிக்கும்போது சிதறாது.

கொத்துக்கறி கால் கிலோவுக்கு ஒரு வெந்த உருளைக்கிழங்கைப் பிசைந்து சேர்த்தால் கறி உதிராது. சாறு வற்ற வதக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் தெறிக்கும். அரை அங்குல ஆழ எண்ணெய், 180 டிகிரி. இடுக்கியால் பிடித்து மடிப்பை முதலில் பத்து விநாடி முக்குங்கள், வளைவு நின்றுவிடும். பிறகு பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். வாயை அழுத்தி மூடிவிடாதீர்கள், ஒரு விரல் இடைவெளி வேண்டும். எடுத்ததும் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் வடிந்துவிடும். துருவிய செடார் சீஸ், தக்காளி, நறுக்கிய லெட்யூஸ் எல்லாம் பரிமாறும் நொடியில்தான். லெட்யூஸைக் கழுவி நன்றாக உலர்த்தியிருங்கள். அதில் நிற்கும் தண்ணீரே போதும், ஐந்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும்.