ரத்தக் கல்ச்சரில் தோல் கிருமி கலந்துவிடாமல் தடுப்பது எப்படி?

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பாட்டிலில் வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் ரத்தக் கல்ச்சர். இதில் பெரும்பாலும் தவறு நடப்பது லேபில் அல்ல, ஊசி குத்தும் இடத்தில்தான். தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் பாட்டிலுக்குள் போய்விட்டால், ரத்தத்தில் தொற்றே இல்லாதவருக்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏறும். வீடு திரும்பும் நாளும் தள்ளிப்போகும்.

பெரியவர்களுக்கு, ஆல்கஹால் கலந்த 2% குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலை 30 விநாடி நன்றாகத் தேய்த்துவிட்டு, தானாகக் காயும்வரை பொறுங்கள். ஊதவோ விசிறவோ கூடாது. காய்ந்தபின் ரத்தக்குழாய் எங்கே என்று விரலால் மறுபடி தொட்டுப் பார்ப்பார்களே, அதுதான் செய்த வேலையையெல்லாம் கெடுப்பது! பாட்டில் மூடியைக் கழற்றினால் தெரியும் ரப்பரும் கிருமியற்றது அல்ல. அதையும் ஆல்கஹாலால் துடையுங்கள். முதலில் வரும் 1–2 மி.லி. ரத்தத்தை ஒதுக்கிவிட்டால், ஊசியோடு வந்த தோல் துணுக்கும் அதோடு போய்விடும்.

இரண்டு வெவ்வேறு இடங்களில் எடுப்பது முக்கியம். ஒன்றில் மட்டும் இந்தத் தோல் கிருமி வளர்ந்தால், கலப்பு என்று சந்தேகிக்கலாம்.