குரைக்காத நாயைப் படம் பிடிப்பது

அன்புள்ள சார்,

வணக்கம். பள்ளி நாட்களிலிருந்து ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைத் திரும்பத் திரும்பப் படிப்பவன் நான். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பிபிசியின் 'ஷெர்லாக்' தொடரை ஒரே வாரத்தில் பார்த்து முடித்துவிட்டாள். "இரு, அசலைக் காட்டுகிறேன்" என்று ஜெரெமி பிரெட் நடித்த பழைய கிரனாடா தொடரைப் போட்டேன். ஓர் எழுத்துகூட மாற்றாமல் எடுத்த தொடர் அல்லவா? இரண்டாவது எபிசோடிலேயே எழுந்து போய்விட்டாள். "யாராவது வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள்ப்பா, ஒன்றுமே நடக்கவில்லை" என்கிறாள். வருத்தமாக இருந்தது. அப்புறம் யோசித்தால் அவள் சொல்வதும் சரிதானோ என்று ஒரு சந்தேகம். மூலத்தை அப்படியே எடுத்தால் இப்படித்தான் ஆகுமா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகள் சொன்னது சரிதான். நீங்களும் நானும் இத்தனை வருடம் கவனிக்காததை அவள் இரண்டு எபிசோடில் கண்டுபிடித்துவிட்டாள்.

ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் சிறுகதை எதையாவது எடுத்துப் பாருங்கள். ஒருவர் படியேறி வருகிறார், நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிறார். பாதிக் கதை அதிலேயே போய்விடும். அப்புறம் ஒரு ரயில் பயணம். ஒரு வீட்டையோ தோட்டத்தையோ சுற்றிப் பார்க்கிறார்கள். மறுபடியும் நாற்காலி, ஹோம்ஸ் விளக்கம் சொல்கிறார். கொலையோ திருட்டோ பெரும்பாலும் நாம் உள்ளே நுழைவதற்கு முன்பே முடிந்திருக்கும். படிக்கும்போது இது உறுத்துவதில்லை. கதையைச் சொல்கிற நண்பர் வாட்சன் நம் காதருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். கேமராவை வைத்தவுடன் சிக்கல் ஆரம்பம்.

'சில்வர் பிளேஸ்' நினைவிருக்கிறதா? 1892-ல் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த கதை. டார்ட்மூரில் ஒரு பந்தயக் குதிரை லாயத்திலிருந்து காணாமல் போகிறது, பயிற்சியாளர் செத்துக் கிடக்கிறார். (லாயத்துப் பையனுக்குக் கொடுத்த அபினியின் ருசி தெரியாமல் இருக்க அன்றைக்குச் சமைத்தது ஆட்டுக்கறிக் குழம்பு, அதுவும் மசாலா போட்ட 'கறி'. நம் சமையலை டாயில் பயன்படுத்திய விதம் இது!) இன்ஸ்பெக்டர் கிரெகரி கேட்கிறார், நான் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா என்று. இரவில் நாய் செய்த விசித்திரமான காரியம் என்கிறார் ஹோம்ஸ். நாய் ஒன்றும் செய்யவில்லையே என்கிறார் இன்ஸ்பெக்டர். அதுதான் விசித்திரம். குதிரையைக் கொண்டுபோக வந்தவன் நாய்க்குத் தெரிந்த ஆள் என்று அர்த்தம்.

துப்பறியும் கதை உலகத்திலேயே பேர் பெற்ற துப்பு இதுதான். இதைப் படம் பிடித்துக் காட்டுங்கள் பார்ப்போம்! குரைக்கிற நாயைக் காட்டலாம், தூங்குகிற நாயைக்கூடக் காட்டலாம். குரைக்காத நாயை எப்படிக் காட்டுவது? 'குரைக்கவில்லை' என்பது மொழிக்குள் மட்டுமே நடக்கிற சம்பவம். திரையிலும் அதை யாராவது வாய்விட்டுச் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்லும்போது கேட்கிறவன் முகத்தை நாம் பார்க்கவேண்டும். உங்கள் மகள் 'பேசிக்கொண்டே இருக்கிறார்கள்' என்றாளே, அந்தப் பேச்சுதான் இங்கே நடக்கிற காரியம்.

இதற்கு நேர் எதிரான சங்கடம், பாம்பை ஏவிக் கொலை செய்கிற 'ஸ்பெக்கிள்டு பேண்ட்' கதையில். இருட்டறையில் இருவரும் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒரு மெல்லிய சீறல். ஹோம்ஸ் சட்டென்று தீக்குச்சியைக் கிழித்து, மணிக்கயிற்றைப் பிரம்பால் விளாசுகிறார். "தெரிகிறதா வாட்சன்?" என்று கத்துகிறார். வாட்சனுக்கு ஒன்றும் தெரியவில்லை, திடீர் வெளிச்சத்தில் கண் கூசிவிட்டது. அந்த இடத்தில் டாயில் பாம்பை நம்மிடம் காட்டவே இல்லை, வாட்சனின் கூசிய கண்ணுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார். அதனால்தான் பால் குடிக்கிற, விசில் சத்தம் கேட்டுத் திரும்பி வருகிற, கயிற்றில் ஏறி இறங்குகிற ஒரு பாம்பை நாம் கேள்வி கேட்காமல் நம்பினோம். (புற்றுக்குப் பால் ஊற்றுகிற ஊர்க்காரர்கள் நாம், கொஞ்சம் கூடுதலாகவே நம்பியிருப்போம்.) திரையில் ஒரு நிஜப் பாம்பைக் கயிற்றில் விட்டால் அத்தனை ஓட்டையும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஆக, இந்தக் கதைகளைத் திரைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு இருக்கிற பெரிய தலைவலி ஹோம்ஸ் இல்லை, வாட்சன். கேமரா வந்ததும் கதைசொல்லிக்கு வேலை போய்விடுகிறது. பேசாமல் ஓரமாக நிற்கிற அந்த ஆளை என்ன செய்வது? 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த 14 படங்களில் வாட்சனாக வந்த நைஜல் புரூஸுக்குக் கோமாளி வேலை கொடுத்தார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் இத்தனை மந்தமான ஆளோடு ஹோம்ஸ் ஏன் ஒரே வீட்டில் குடியிருக்கிறார் என்பதற்கு அந்தப் படங்களில் பதிலே இல்லை.

1984-ல் தொடங்கிய கிரனாடா தொடர் வாட்சனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. என்ன வேலை? கேட்பது. டேவிட் பர்க்கின் வாட்சன் போர் பார்த்துவிட்டு வந்த மருத்துவர், புத்தி உள்ளவர். ஹோம்ஸ் ஏதாவது சொன்னால் அதைப் புரிந்துகொள்ள முயல்வது அவர் முகத்தில் தெரியும். முதல் 13 எபிசோடுக்குப் பிறகு அவர் போய் எட்வர்ட் ஹார்ட்விக் வந்தார். இவர் இன்னும் நிதானம், நண்பனைப் பற்றிய கவலை எப்போதும் கண்ணில் இருக்கும். எனக்கு ஹார்ட்விக்தான் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்.

பிரெட்டும் அப்படித்தான். வந்தவர் பேசும்போது கண்ணை மூடி, விரல் நுனிகளைச் சேர்த்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். தூங்கிவிட்டாரோ என்று நமக்குத் தோன்றும் நேரத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கண் திறக்கும். கண்ணை மூடி அரை நிமிடம் சும்மா இருக்கிற ஒருவரைத் திரையில் பார்க்கவைப்பது எத்தனை நடிகர்களால் முடியும்?

ஆனால் 'ஓர் எழுத்துகூட மாற்றாமல்' என்கிறீர்களே, அது நம்மைப் போன்ற ரசிகர்கள் கட்டிவிட்ட கதை. பிரெட் மூலக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு வசனத்துக்காகச் சண்டை போட்டவர், 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் இந்தக் கதைகளுக்குச் சிட்னி பாஜெட் வரைந்த படங்களைப் பார்த்துப் பார்த்துச் சில காட்சிகளை அமைத்தார்கள், அதெல்லாம் உண்மை. லண்டன் தெருவில் டாப் ஹேட் போட்டுக்கொள்வார், காதுமடல் வைத்த அந்தத் தொப்பி கிராமப்புறத்துக்கு மட்டும். ஆனால் 'ரெட் ஹெடட் லீக்' கதையில் ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டி கிடையாது, தொடரில் உண்டு. அடுத்த எபிசோடில் அருவியில் ஹோம்ஸைத் தள்ளவேண்டிய வில்லன் திடீரென்று முளைக்கக்கூடாது என்று முன்னாலேயே விதைத்துவைத்தார்கள். அந்த அடுத்த எபிசோடில் டாயில் எழுதாத ஒரு மோனாலிசா திருட்டே வருகிறது. 'சைன் ஆஃப் ஃபோர்' முடிவில் வாட்சனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகவேண்டும். தொடரில் அந்தப் பெண், மேரி மார்ஸ்டன், விடைபெற்றுக்கொண்டு போய்விடுவாள். வாட்சன் ஹோம்ஸோடு பேக்கர் தெருவிலேயே இருந்தாகவேண்டுமே! 'டெவில்ஸ் ஃபுட்'டில் ஹோம்ஸ் போதை ஊசியைக் கார்ன்வால் கடற்கரை மணலில் புதைப்பார். டாயிலின் மகளிடம் அனுமதி கேட்டுச் சேர்த்த காட்சி அது.

இனி உங்கள் மகளின் கட்சி. 2010-ல் வந்த 'ஷெர்லாக்' கார், செல்போன் என்று எல்லாவற்றையும் மாற்றினாலும் கதைகளை வரிக்கு வரி தெரிந்தவர்கள் எழுதியது. 'சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் ஹோம்ஸ், வாட்சனின் பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்து, சாவித் துளையைச் சுற்றியிருக்கும் கீறல்களை வைத்து அண்ணன் குடிகாரர் என்பார். தொடரில் அது செல்போன், சார்ஜர் சொருகும் துளையைச் சுற்றிக் கீறல். கை நடுங்குகிறவன் இரவில் சாவி போட்டாலும் அதே கீறல், சார்ஜர் போட்டாலும் அதே கீறல். 1887-ல் வந்த முதல் நாவலான 'ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில் சுவரில் 'ராஷே' என்று எழுதியிருக்கும். 'ரேச்சல்' என்று எழுத வந்திருக்கிறார்கள் என்பார் போலீஸ்காரர் லெஸ்ட்ரேட், இல்லை, ஜெர்மன் மொழியில் பழிவாங்கல் என்பார் ஹோம்ஸ். தொடரில் ஜெர்மன் என்று சொல்கிறவனை ஹோம்ஸ் மட்டம் தட்டுவார், ரேச்சல்தான் சரியான விடை. நாவலைப் படித்தவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார்கள்.

முக்கியமான தந்திரம் இன்னொன்று உண்டு. ஹோம்ஸ் கவனிப்பதையெல்லாம் திரையில் எழுத்தாகவே ஓடவிட்டார்கள். கேமராவால் காட்டமுடியாததற்கு எழுத்தையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதன்பிறகு வாட்சன் எதையும் கேட்டுச் சொல்லத் தேவையில்லை. கடைசி சீசன்களில் அந்தத் தொடர் ஹோம்ஸின் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கிரனாடாவின் பின்பகுதியும் அப்படி ஒன்றும் ஒழுங்கில்லை. சிறுகதைகளை இழுத்து இரண்டு மணிநேரப் படமாக்கிய 'லாஸ்ட் வாம்பயர்' வகையறாவை உங்கள் மகளுக்குக் காட்டவே வேண்டாம், நானே எழுந்து போனேன். பிரெட்டுக்கு மனநோய், அதற்கான மருந்தால் உடம்பு ஊதியது, இதயமும் பலவீனம். 1994-ல் 'மேஸரின் ஸ்டோன்' எடுக்கும்போது அவர் உடல்நிலை மோசமாகி, துப்பறிகிற வேலை பெரும்பாலும் அண்ணன் மைக்ராஃப்டிடம் போனது. அதே வருடம் வந்தது 'டையிங் டிடெக்டிவ்'. சாகக்கிடப்பதாக ஹோம்ஸ் நடிக்கிற கதை. நடிக்கிறவர் நிஜமாகவே நோயாளி. மறுவருடம் செப்டம்பரில், 61 வயதில், பிரெட் போய்விட்டார். அந்த எபிசோடை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வரிசையாக முதலிலிருந்து போட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்தமுறை 'சில்வர் பிளேஸ்' போடுங்கள். முதலில் கதையைப் படிக்கக் கொடுங்கள், இருபது பக்கம்தான். நாய் வசனம் வருகிற இடத்தில் நிறுத்தி, நீ இயக்குநராக இருந்தால் யார் முகத்தைக் காட்டுவாய் என்று அவளிடம் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்