கண்ணசைவும் நின்றுபோனவர்களுக்கு உள்ளே சுயநினைவு இருக்குமா?

கேள்வி: ஏ.எல்.எஸ். நோய் முற்றி, கண்ணைக்கூட அசைக்க முடியாமல் போனவர்களுக்கு மூளை அலையே மாறிவிடுகிறதாமே? அப்படியானால் அவர்களுக்கு நினைவு இருக்காதா?

அலை மாறுவது உண்மைதான். ஆனால் அதை வைத்து நினைவு போய்விட்டது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் மூளை அலையைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன், டாக்டர் இல்லை. அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டு படியுங்கள்.

தலையில் பசை தடவி எலக்ட்ரோடு ஒட்டியதும் நாங்கள் சொல்வது, "கண்ணை மூடுங்க". மூடிய ஓரிரு நொடியில் பின்மண்டைக் கோடுகளில் சீப்புப் பல் மாதிரி சீரான அலை வந்து நிற்கும். நொடிக்கு 8 முதல் 13 வரை. அதுதான் ஆல்ஃபா. "திறங்க" என்றதும் கலைந்துவிடும். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ஏ.எல்.எஸ்.ஸில் தசையை இயக்கும் நரம்பு செல்கள் செத்துக்கொண்டே வரும். கை, கால், நாக்கு, மூச்சு என்று ஒவ்வொன்றாகப் போகும். கண்ணை உருட்டும் நரம்புகள் மட்டும் பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். வென்டிலேட்டரில் வருஷக்கணக்காக இருப்பவர்களில் சிலருக்கு அதுவும் நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் எடுத்த பதிவுகளைக் கண்ணசைவு மிச்சமிருப்பவர்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்தால், வேகமான அலைகள் வலுவிழந்து மெதுவான அலைகள் ஓங்கியிருக்கின்றன. தூக்கக் கலக்கத்திலும் மயக்கத்திலும் இதே போக்கைப் பார்ப்போம். பயம் வருவது அதனால்தான்.

ஏன் இப்படி? நோய் சிலருக்கு முன்மூளையையும் தொடும். ஆக்ஸிஜன் குறைந்த நாட்களின் சேதமாக இருக்கலாம். பகல் இரவு குழம்பி, பதிவு எடுக்கும் நேரத்தில் ஆள் பாதித் தூக்கத்திலும் இருக்கலாம். ஜெர்மனியின் மூளை ஆராய்ச்சியாளர் நீல்ஸ் பிர்பாமர் வேறொன்று சொன்னார்: நினைத்தது எதுவுமே நடக்காமல் போனால், ஒன்றை நடத்திக்கொள்ள நினைக்கும் பழக்கமே மெல்ல அணைந்துவிடுமாம். கேட்கும்போது சரி என்றுதான் படுகிறது. ஆனால் எனக்குப் பாதி நம்பிக்கைதான். அவர் குழு இந்த நிலையிலுள்ள நான்கு பேரிடம் ஆம்/இல்லை பதில் வாங்கியதாக 2017-ல் வெளியிட்ட கட்டுரை 2019-ல் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே குழுவினர் சிலர் சேர்ந்து 2022-ல் வெளியிட்டது வேறு மாதிரி. ஜெர்மனியில் 34 வயதுக்காரர். கண்ணசைவு கொஞ்சம் மிச்சமிருந்தபோதே சம்மதம் சொல்லிவிட்டார். 2019-ல் அவர் மூளையில் இரண்டு சின்ன எலக்ட்ரோடு தகடுகளைப் பதித்தார்கள். நரம்பு செல்களின் துடிப்பு கூடினால் ஸ்பீக்கரில் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். அதைக் கேட்டுக் கேட்டு, ஏற்றினால் ஆம், இறக்கினால் இல்லை என்று பழகிக்கொண்டார். பிறகு எழுத்து. நிமிஷத்துக்குச் சுமார் ஒரு எழுத்துதான், அதுவும் எல்லா நாளும் வாய்க்கவில்லை. அப்படி என்ன சொன்னார் தெரியுமா? கண்ணுக்கு இன்னும் அடிக்கடி ஜெல் போடச் சொன்னார். இமைக்க முடியாத கண் காய்ந்து எரியுமே! அப்புறம் சூப், பீர், மகன்மேல் உள்ள பாசம். இந்த ஆளை நினைவில்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

ஒருவருக்கு முடிந்ததால் எல்லோருக்கும் முடியும் என்றும் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் ஏ.எல்.எஸ். உள்ள ஒரு பெண்மணி 2015-ல் மூளையில் பொருத்திக்கொண்ட, இப்படிச் செய்தி சொல்ல உதவும் கருவியை வீட்டிலேயே ஏழு வருஷம் பயன்படுத்தினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு சிக்னல் வலுவிழந்தது, மூளையும் சுருங்கி வந்தது. ஆகவே எதைச் செய்வதானாலும் கண்ணசைவு இருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

கண்ணசைவும் நின்றவரை நான் நேரில் பார்த்ததில்லை. கண் மட்டும் மிச்சமிருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது கூட நின்ற உதவியாள், "இவருக்கு ஒண்ணும் புரியாதுங்க" என்றார், அவர் தலைமாட்டிலேயே. மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கணவரின் கண்ணையே பார்த்தபடி, "வல்லினமா?" என்றார். கண் மேலே போனது. க, ச என்று தொடங்கியதும் 'க'விலேயே மறுபடி மேலே. பிறகு அ, ஆ, இ, ஈ, உ... நின்றது. "கு." அடுத்த எழுத்துக்கு வல்லினம் இல்லை, மெல்லினம் இல்லை, இடையினம். ய, ர, ல, வ, ழ, ள. அதோடு அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "சார், ஏசியைக் கொஞ்சம் கம்மி பண்றீங்களா, அவருக்குக் குளிருதாம்" என்றார்.

அன்று அவர் ஆல்ஃபா 7-க்கு இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டில் மிதமான மந்தம் என்று போட்டார்கள்.